பூட்டனாரின் மரணசாசனம் எங்கே? – வாசகர் கேள்வி பதில்

முன்னோரைத் தேடுவோரிடமிருந்து இம்முறை வந்த கடிதங்களுட் பெரும்பாலானவை மரணசாசனத்தைப் பற்றியவையாக இருந்தமையால், ஏனைய கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு இவற்றுக்கு மட்டும் விடையளிக்கிறேன். குடும்பக் காரியங்கள் என்பதால் எழுதியவர்களின் ஊரை மட்டும் குறித்துப் பெயர்களைத் தவிர்த்துள்ளேன்.

கோண்டாவில் வாசகர்: எங்கள் பூட்டனார் 1910ஆம் ஆண்டளவிற் காலமானவர். மரணசாசனம் எழுதிவைத்துவிட்டே கண்மூடினார் என்று அப்பாச்சி சொல்லக் கேட்டிருக்கிறேன். வீட்டுப் பெட்டகத்தில் அது இல்லை. எங்கே தேடுவது?

மரணசாசனத்தை எழுதிய நாளைத் தேடாதீர்கள். பூட்டனார் இறந்த நாளைத் தேடுங்கள். சாசனம் எப்போது எழுதப்பட்டிருந்தாலும் அது நீதிமன்றத்துக்கு வந்தது அவர் இறந்த பின்னரேயாகும். அந்தியேட்டிக் கல்வெட்டு (ஈமக்கிரியைக்கென அச்சிடும் நினைவுமலர்) வெளியிட்ட குடும்பமானால் அதிலுள்ள திதி வெண்பாவைப் பாருங்கள். வருடம், மாதம், பட்சம், திதி எல்லாம் அந்த நான்கு அடிகளுக்குள் இருக்கும். ஆனால் வருடப் பெயர் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வருவது என்பதை மறக்க வேண்டாம். விகாரி என்றால் 1899உம் ஆகலாம், 1959உம் ஆகலாம். பழைய கல்வெட்டுகள் பலவற்றை நூலகம் நிறுவனம் இணையத்தில் இட்டிருக்கிறது. கல்வெட்டு இல்லாவிட்டால், 1867ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்த் தொடங்கிய இறப்புப் பதிவேடுகள் இருக்கின்றன.

இறந்த ஆண்டு தெரிந்தவுடன், அரச அறிவித்தல்கள் வெளிவரும் வர்த்தமானிக்குப் போக வேண்டும். ஒருவருடைய முதுசொத்தை நிருவகிக்க அனுமதி கோரி மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்தால், 1889ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவைப்படி நீதிபதி முதலில் ஒரு முற்கட்டளை பிறப்பிப்பது அக்காலத்து நடைமுறை. ‘ஓடர் நைசை’ என்று அக்காலத்துச் சட்டத்தரணிகள் சொன்னது இதனைத்தான். ஆட்சேபம் உள்ளவர்கள் இன்ன திகதிக்குள் வந்து சொல்லலாம் என்ற அந்த அறிவித்தல், ‘யாழ்ப்பாண மாவட்ட நீதிமன்றம், மரணசாசன நியாயாதிக்கம்’ என்ற தலைப்பின் கீழ், வழக்கு இலக்கம், இறந்தவரின் பெயரும் ஊரும், மனுதாரரும் எதிர்மனுதாரரும் என்ற விவரங்களோடு ஆங்கிலத்தில் வர்த்தமானியில் வெளிவந்தது. கொழும்பிலுள்ள தேசிய சுவடிகள் கூடத் திணைக்களத்தில் பழைய வர்த்தமானித் தொகுதிகளைப் பார்வையிடலாம். இறந்த மாதத்திலிருந்து குறைந்தது இரண்டு ஆண்டுகளைப் புரட்டிப் பாருங்கள். மூத்தவர்களிடையே பிணக்கு இருந்த வீடுகளில் ஐந்தாறு ஆண்டு கழித்தும் மனு போடப்பட்டிருக்கிறது.

வர்த்தமானியில் எழுத்துக்கூட்டல் உங்களை ஏமாற்றும். வட்டுக்கோட்டை ‘பற்றிக்கோட்டா’ ஆகவும், தெல்லிப்பழை ‘தில்லிப்பள்ளி’ போலவும் எழுதப்பட்ட காலம் அது. அமெரிக்க மிசன் பாடசாலைகளிற் படித்தவர்கள் சிலருக்கு, அவர்களுக்குப் பணம் உதவிய அமெரிக்கர்களின் பெயர்களே வைக்கப்பட்டிருந்தமையும் நினைவில் இருக்கட்டும். வீட்டிற் சின்னத்தம்பி என்று அழைக்கப்பட்டவர் வழக்கேட்டில் முழு வெள்ளைக்காரராக நிற்பார்.

வழக்கு இலக்கம் கையிற் கிடைத்தால், சட்டத்தரணி ஒருவர் மூலம் நீதிமன்றப் பதிவேட்டு அறையிலிருந்து சான்றுப்படுத்திய பிரதி கோரி விண்ணப்பியுங்கள். ‘மரணசாசனப் பிரதி’ என்று மட்டும் கேட்டு விண்ணப்பிப்பது பலர் செய்யும் பிழை. நானும் முதன்முறை அப்படியே கேட்டு, இரண்டே பக்கங்களோடு வீடு திரும்பினேன். கேட்க வேண்டியது முழு வழக்கேட்டையும் ஆகும். அதில் இறந்த இடமும் உரித்தாளர் யாவரின் பெயரும் சொல்லும் மனு, சாட்சிகளின் சத்தியக் கடதாசி, பராயமடையாத பிள்ளைகளின் வயதோடு அவர்களுக்கு நியமித்த காவலரின் பெயர், ஆதனப் பட்டியல், கடைசியாக, சாசனத்தை நிறைவேற்ற நியமிக்கப்பட்ட நிறைவேற்றுநர் ஒப்புவித்த இறுதிக் கணக்கு ஆகியவை அடங்கியிருக்கும். என் பூட்டனாரின் மரணசாசனம் அவரைப் பற்றி எனக்குச் சொன்னது மிகக் கொஞ்சம்: சிவபதத்தை அடைய விரும்பியதும், மூன்று ஆண்மக்கள் இருந்ததும். அதே வழக்கேட்டின் பட்டியலில் ‘திருக்கல் வண்டி 1, எருது 2, அவற்றுள் ஒன்று நொண்டி’ என்றிருந்தது. இறுதிக் கணக்கில் பரியாரியாருக்குக் கொடுத்தது, கீரிமலையில் அந்தியேட்டி செய்த செலவு, சுன்னாகச் சந்தை வியாபாரி ஒருவருக்குப் புகையிலைக் கணக்கில் தீர்த்த கடன் என்று ஒவ்வொரு சதமும் எழுதப்பட்டிருந்தது. அவர் புகையிலை செய்தவர் என்பதை எங்கள் வீட்டில் எவரும் அதுவரை அறிந்திருக்கவில்லை.

சாசனத்தையே பார்க்கும்போது யார் முன்னிலையில் அது எழுதப்பட்டது என்பதைக் கவனியுங்கள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, நொத்தாரிசும் (உறுதிப் பத்திரங்களை எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்) இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் இருக்க வேண்டும். நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள் ஒருங்கே இருக்க வேண்டும். ஐந்து சாட்சிகளோடு எழுதப்பட்ட சாசனத்தைக் கண்டால், நொத்தாரிசைக் கூட்டிவர நேரமில்லாத அளவுக்கு நோய் முற்றியிருந்ததோ என்று நினைக்க இடமுண்டு. அந்த ஐவரின் பெயர்களையும் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளிற் கட்டிலைச் சுற்றி நின்றவர்கள் அவர்கள்தாம்.

மானிப்பாய் வாசகி: என் பேத்தியின் (பாட்டியின்) தகப்பனார் 1923இல் எழுதிய மரணசாசனத்தின் பிரதி கிடைத்தது. காணிகள் யாவும் இரண்டு ஆண்மக்களுக்கு. மூத்த மகளான என் பேத்தியின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. குடும்பம் அவரைத் தள்ளிவைத்ததா? இதை அறிந்த நாள் முதல் மனம் அமைதியடையவில்லை.

அமைதியடையுங்கள். மரணசாசனத்திற் பெயர் இல்லாமை யாழ்ப்பாணத்தில் வெறுப்புக்கு அடையாளமன்று. பெரும்பாலும் அது, அவருடைய பங்கு முன்னரே கொடுத்துத் தீர்ந்துவிட்டது என்பதற்கே அடையாளம். இங்கிலாந்து வழக்கப்படி எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் படித்துவிட்டு நம்மவர்கள் இப்படிக் கலங்குவதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அங்கே மரணசாசனமே ஆதனம் கைமாறும் வேளை. இங்கே கைமாறும் வேளை கலியாணம்.

ஒல்லாந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் 1707இல் தொகுத்து, 12 முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்ட, யாழ்ப்பாணத்தாரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமை, 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியாற் பிரித்தானியராலும் சட்டமாக ஏற்கப்பட்டது. அதன்படி ஆதனம் முதுசம் (முன்னோர்வழி வந்தது), சீதனம், தேடியதேட்டம் (மணவாழ்வில் ஈட்டியது) என்று வகுக்கப்படும். சீதனம் பெற்று மணமான மகள் பெற்றாரின் மிகுதி ஆதனத்தில் உரிமை கோருவதில்லை என்பது அதன் அடிப்படை. தான் விரும்பியவாறு எவருக்கும் ஆதனத்தை எழுதிவைக்கும் சுதந்திரம் 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு வந்தபோதிலும், பழைய கணக்கு மனதிலிருந்து போகவில்லை. மகளுக்குக் கொடுத்தாயிற்று, மிஞ்சியது ஆண்பிள்ளைகளுக்கு. உங்கள் பூட்டனார் எழுதியது அந்தக் கணக்கைத்தான். மூத்த மகளின் பெயரை மறுபடி எழுதுவதற்கு அவருக்குக் காரணம் இருந்திராது.

ஆகவே தேட வேண்டியது உங்கள் பேத்தியின் சீதன உறுதியை (சீதனம் எழுதிக்கொடுத்த பத்திரத்தை). அவர் மணமான ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஓராண்டு அளவு எடுத்துக்கொண்டு, காணிப் பதிவகத்தில், தகப்பனார் பெயரிலுள்ள காணிகளின் பதிவைப் பார்க்கச் செய்யுங்கள். இரு தரத்துப் பெற்றாரின் பெயரும், கொடுத்த காணியும், நகையும், இனாமும் அதில் இருக்கும். அதற்கு மேலும் ஒன்று இருக்கும். இந்தக் காணி எமக்கு எப்படி வந்தது என்று உறுதியின் முகப்பில் எழுதுவார்கள் அல்லவா, அந்த வாசகம்தான் என் கண்ணில் முழு உறுதியிலும் பெறுமதி கூடியது. ‘தாயாருக்கு இன்ன ஆண்டு இன்ன இலக்கச் சீதன உறுதிப்படி உரித்தாகி ஆட்சி செய்துவந்த’ என்று அங்கே இருந்தால், இன்னொரு தலைமுறை மேலே செல்வதற்கான உறுதி இலக்கம் உங்கள் கையில் வந்துவிட்டது. அந்த உறுதியை எடுத்தால் அதன் முகப்பிலும் இப்படியொன்று இருக்கும்.

தாய் மகளுக்கு, அவள் தன் மகளுக்கு என்று ஒரே வளவு சீதனமாக இறங்கி வந்திருப்பதால், பெண்வழியை இவ்வாறு மூன்று நான்கு தலைமுறைக்குத் தொடர முடிகிறது. ஆண்வழியில் தகப்பனின் பெயரே முன்னெழுத்தாக வருவதாற் குடும்பப் பெயர் தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும். நிலத்தின் பெயரோ மாறுவதில்லை. கலட்டி என்றும் சீமா என்றும் புலம் என்றும் முடிகின்ற அந்தக் காணிப் பெயர்களே எங்களுக்குக் குடும்பப் பெயர் போல உதவுகின்றன.

இனி, உங்கள் பேத்தியார் தாமே மரணசாசனம் எழுதினாரா என்றும் பாருங்கள். 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் ஒருத்தி தன் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். மரணசாசனம் எழுதுவதற்கு மட்டும் அந்தச் சம்மதம் வேண்டியதில்லை. உயிரோடிருந்த காலமெல்லாம் கணவனின் கையெழுத்தோடு மட்டுமே காணியைக் கைமாற்ற முடிந்த ஒருத்தி, தன் எண்ணம் ஒன்றை மட்டும் கேட்டு எழுதிய பத்திரம் அதுவேயாகலாம். பெண்கள் எழுதிய மரணசாசனங்களை நான் கூடுதலான கவனத்தோடு வாசிப்பது இதனாலேதான். எந்த மகளுக்கு எந்த அட்டியல், எந்த மருமகளுக்கு ஒன்றுமில்லை என்பதெல்லாம் அவற்றிற் பளிச்சென்று தெரியும்.

சுழிபுரம் வாசகர்: எங்கள் பேரனார் மரணசாசனம் எழுதாமலே இறந்துவிட்டார். அப்படியானால் நீதிமன்றத்தில் தேடிப் பயனில்லை அல்லவா?

பயனுண்டு. சாசனம் எழுதாமல் இறந்தவரின் ஆதனம் குறித்த பெறுமதிக்கு மேற்பட்டதானால், உரித்தாளர் ஒருவர் நீதிமன்றத்திடம் நிருவாகக் கடிதம் (ஆதனத்தை நிருவகிக்கும் அனுமதிப் பத்திரம்) பெற வேண்டியிருந்தது. அதுவும் மரணசாசன நியாயாதிக்கத்தின் கீழேயே இலக்கமிடப்பட்டு வர்த்தமானியில் வெளிவந்தது. சொல்லப்போனால் இவ்வகை வழக்கேடுகள் நமக்கு இன்னும் உதவியானவை. சாசனம் எழுதியவர் தான் விரும்பியவர்களை மட்டும் சொல்லுவார். சாசனம் இல்லாத வழக்கிலோ உரித்தாளர் ஒவ்வொருவரையும், இறந்த பிள்ளையின் பிள்ளைகள் வரை, நீதிமன்றத்துக்குக் காட்டியே ஆக வேண்டும். சிறிய ஆதனமுள்ளவர்கள் இந்தப் பதிவுகளில் வரமாட்டார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அவர்களைக் காணி உறுதிகளிலும் இறப்புப் பதிவிலுமே தேடலாம்.

நல்லூர் வாசகர்: வழக்கு இலக்கம் தெரிந்தும், யுத்த காலத்தில் அந்த வழக்கேடு அழிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார்கள். இதோடு கதை முடிந்ததா?

முடியவில்லை. வழக்கேடு ஒன்று அழிந்தாலும், அதை மேற்கோள் காட்டிய பத்திரங்கள் வேறிடங்களில் இருக்கின்றன. நான் முதலிற் பார்ப்பது காணிப் பதிவகத்தை. புரொபேட் (மரணசாசனத்தை ஏற்று நீதிமன்றம் வழங்கும் சான்று) கிடைத்த பின்னர் நிறைவேற்றுநர் உரித்தாளருக்குக் காணியை எழுதிக்கொடுக்கும் உறுதியில், ‘யாழ்ப்பாணம் மாவட்ட நீதிமன்ற மரணசாசன வழக்கு இலக்கம் இன்னதில், இன்னாரின் இன்ன திகதிய மரணசாசனப்படி’ என்று தொடங்கி, சாசனத்தின் முக்கிய வாசகங்களையே சில நொத்தாரிசுமார் அப்படியே பெயர்த்து எழுதியிருப்பார்கள். அந்நாளைய நொத்தாரிசுமாரின் நீட்டி முழக்கும் எழுத்தை நாம் கேலி செய்வதுண்டு. அது இன்று எமக்கு உதவுகின்ற அளவைப் பார்க்கும்போது, அவர்கள் இன்னும் நீட்டியிருக்கலாமே என்றுதான் தோன்றுகிறது.

அடுத்தது பங்கீட்டு வழக்குகள். 1951ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கச் சட்டத்தின் கீழும் அதற்கு முன்னும் பின்னும் நடந்த காணிப் பங்கீட்டு வழக்குகளில், காணியின் முதலாவது உரித்தாளரிலிருந்து வழக்காளி வரையிலான வம்சாவழி ஒன்றை நீதிமன்றத்துக்குக் காட்ட வேண்டும். கூட்டுக் காணியின் ஆறில் ஒன்று, எட்டில் ஒன்று என்ற பங்குகளுக்காக ஊரே சண்டைபிடித்த காலத்துப் பலன் இது. உங்கள் பகுதி அழிந்தாலும், மற்றப் பங்காளியின் வீட்டில் அவருடைய சட்டத்தரணி கொடுத்த பிரதி ஒன்று இருக்கக்கூடும். வெட்கப்படாமற் போய்க் கேளுங்கள். மேன்முறையீடு வரை போன வழக்கானால் அதன் தீர்ப்பு அச்சிலிருக்கும் சட்ட அறிக்கைகளில் வந்திருக்கலாம். அதில் இறந்தவரின் கலியாணங்கள், பிள்ளைகள், கடன், கடைசி நோய் எல்லாவற்றையும் நீதியரசர் தம் வாயாற் சுருக்கிச் சொல்லியிருப்பார். மேன்முறையீட்டுத் தீர்ப்புகளை வாசிப்பதற்குச் சலிப்புத்தான். ஆனாலும் அவற்றை விட்டுவிட வேண்டாம்.

வர்த்தமானி அறிவித்தல் கொழும்பில் இருக்கும் என்பதை முன்னரே சொன்னேன். உள்ளூர்ப் பத்திரிகைகளிலும் இத்தகைய அறிவித்தல்கள் இடம்பெற்றன. உதயதாரகை 1841இலும், இந்து சாதனம் 1889இலும் தொடங்கியவை.

காரைநகர் வாசகர்: என் பூட்டனார் மலாயா றெயில்வேயில் உத்தியோகம் பார்த்து அங்கேயே காலமானவர். ஊரிற் கட்டிய வீடு இன்னும் இருக்கிறது. பதிவுகளை எங்கே தேடுவது?

இரண்டு கரையிலும் தேட வேண்டும். மலாயாவில் இருந்த பணம், வங்கிக் கணக்கு, அங்கு வாங்கிய நிலம் ஆகியவற்றுக்கு அங்குள்ள நீதிமன்றம் புரொபேட் வழங்கியிருக்கும். ஊர்க் காணிக்கு அந்தப் புரொபேட்டை இங்குள்ள நீதிமன்றத்தில் மறுமுத்திரையிடுவித்துச் செல்லுபடியாக்கியிருப்பார்கள், அல்லது இங்கே தனியாக ஒரு வழக்குப் போட்டிருப்பார்கள். இந்நாட்டில் வதியாத ஒருவருக்கு, அவருடைய ஆதனம் எந்த மாவட்டத்தில் இருந்ததோ அந்த நீதிமன்றமே உரியது; ஆகவே யாழ்ப்பாணத்திலேயே தொடங்குங்கள். அங்குள்ள நிலைமைக்கு, சிங்கப்பூர் தேசிய நூலகச் சபை இணையத்தில் இட்டிருக்கும் பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் பெரிய உதவி. மரண அறிவித்தலும், கடன்காரருக்கு விடுக்கும் அறிவித்தலும், சில வேளை இறந்தவரைப் பற்றிய குறிப்பும் அவற்றில் வரும்.

இலண்டனிலும் பார்க்கலாமா என்றால், அங்கு பணமோ பங்கோ வைத்திருந்தவர்களுக்கு மட்டும் அது பொருந்தும். இங்கிலாந்தில் 1858 சனவரியிலிருந்து புரொபேட் அதிகாரம் திருச்சபை நீதிமன்றங்களிடமிருந்து அரச நீதிமன்றத்துக்கு மாறியது. அன்றிலிருந்து ஆண்டுதோறும் அச்சிட்ட பெயர்ப் பட்டியலை இணையத்தில் தேடலாம். இலங்கையில் வழங்கி இலண்டனில் மறுமுத்திரையிட்ட புரொபேட்டுகளும் அந்தப் பட்டியலில் உண்டு. மலாயாவிலிருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய பெரும்பாலானோர் அதில் இருக்கமாட்டார்கள். காசை வீட்டிலும் கிணற்றிலும் கோயிலிலும் போட்டவர்கள் அவர்கள்.

பருத்தித்துறை வாசகர்: ஆங்கில மொழிபெயர்ப்பில் ‘நெவியூ’ என்றொருவர் வருகிறார். அவர் எங்களுக்கு எந்த முறை என்று தெரியவில்லை.

மொழிபெயர்ப்பை ஒதுக்கிவைத்துத் தமிழ் மூலத்தைத் தேடுங்கள். மரணசாசனங்கள் பல தமிழிலே எழுதப்பட்டு, நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் செய்த ஆங்கிலப் பிரதியோடு கோர்க்கப்பட்டன. எழுதியவர் ஆணாக இருந்து, மூலத்தில் ‘பெறாமகன்’ என்றிருந்தால் அவர் சகோதரனின் மகன். ‘மருமகன்’ என்றிருந்தால் சகோதரியின் மகன், அல்லது மகளை மணந்தவர், அல்லது இரண்டும் ஒருங்கே. ஆங்கிலத்தில் எல்லாம் ஒரே சொல்லாகிவிடும். இன்னொன்று: நம் வழக்கிற் ‘பேரன்’ என்றால் தகப்பனின் தகப்பனும் ஆவார், மகனின் மகனும் ஆவார். ‘என் பேரனின் வளவு’ என்ற ஒரு தொடரை முன்னோக்கி வாசித்து ஒருவர் வம்சாவழியைத் தலைகீழாக வரைந்துவிட்டதைக் கண்டிருக்கிறேன்.

முறைப்பெயர் தெளியாதபோது காணியின் எல்லையை வாசியுங்கள். இதை நான் கற்றுக்கொண்டது என் பிழையினால். ஒரே ஊரில், ஒரே காலத்தில், தகப்பன் பெயரும் தன் பெயரும் ஒன்றாயிருந்த இருவரில் எனக்கு உறவில்லாதவரைப் பூட்டனார் என்று கொண்டு இரண்டு ஆண்டுகளாக அவருடைய ஈடுகளையும் ஒற்றிகளையும் படியெடுத்து வைத்திருந்தேன். பிறகு ஒரு பட்டியலில் இப்படி இருந்தது: ‘வரகு விதைப்பு 7 லாட்சம் 9 குழி, இதிலுள்ள வீடு, கிணற்றுப் பங்கு, பனை, வழி வாய்க்கால், எல்லை கிழக்கு ஒழுங்கை, வடக்கும் மேற்கும் சகோதரி இன்னார், தெற்குப் பிள்ளையார் கோயில் ஆதனம்.’ என் பேத்தியார் வளர்ந்த வளவுக்குத் தெற்கே பிள்ளையார் கோயில் இன்றைக்கும் இருக்கிறது. மற்றவரின் காணியோ கடற்கரைப் பக்கம். தகப்பன் தன் வளவைப் பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தமையால் எல்லைக்காரர் பெரும்பாலும் உடன்பிறந்தவரே. பங்காளிக்கே முதலில் விற்க வேண்டும் என்ற தேசவழமை முன்னுரிமையும் காணி உறவுக்குள்ளேயே சுற்றிவரக் காரணமாயிற்று.

அளவையையும் சொல்லிவிடுகிறேன்: வரகு விதைப்பில் 18 குழி ஒரு லாட்சம். வரகு விதைப்பானால் 16 லாட்சம் ஓர் ஏக்கர். நெல் விதைப்பானால் 24 லாட்சம் ஓர் ஏக்கர். ஆகவே மேலே சொன்ன வளவு அரை ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. பணமும் அப்படியே. இலங்கையில் ரூபாய் வந்தது 1872இல்; அதற்கு முந்திய பட்டியல்களில் பவுணும் சிலிங்கும், இன்னும் பழையவற்றில் இறைசால் என்கின்ற றிக்ஸ்டொலரும் வரும்.

வடமராட்சி வாசகர்: எங்கள் முன்னோருக்குக் காணி இருக்கவில்லை. அவர்களே பிறருடைய ஆதனமாக எழுதப்பட்டிருந்தவர்கள் என்று கேள்விப்படுகிறேன். இந்தப் பதிவுகளால் எங்களுக்கு என்ன பயன்?

நேரடியாகக் கேட்டதற்கு நன்றி. முதுசம் பற்றிப் பெருமையாக எழுதும் நாங்கள் இந்தப் பக்கத்தை விரைவாகப் புரட்டிவிடுகிறோம். தேசவழமையில் அடிமைகள் பற்றிய விதிகள் உள்ளன. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி வரையான சீதன ஓலைகளிலும் ஆதனப் பட்டியல்களிலும் காணிக்கும் நகைக்கும் அடுத்ததாக மனிதர்களின் பெயர்கள் வருகின்றன. அடிமைத்தனத்தை முற்றாக ஒழித்தது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். விரும்பியவருக்கு ஆதனத்தை எழுதிவைக்கலாம் என்ற 21ஆம் இலக்கச் சட்டம் அதற்கு அடுத்த இலக்கம். எழுதிவைக்கும் சுதந்திரம் சட்டப் புத்தகத்தில் வந்த அதே ஆண்டில்தான் மனிதரை எழுதிவைக்க முடியாமற்போனது.

உங்கள் தேடல் இதனால் மறுபக்கத்திலிருந்து தொடங்க வேண்டும். உங்கள் குடும்பம் எந்த வளவில், யாருடைய தோட்டத்தில் இருந்தது என்று முதியோரிடம் கேட்டறிந்து, அந்தக் காணிக்காரர் குடும்பத்தின் 1844க்கு முந்திய பத்திரங்களைத் தேடுங்கள். பெயர், தாயின் பெயர், சில வேளை வயது ஆகியவை அங்கே இருக்கலாம். பிரித்தானியர் எழுதுவித்த அடிமைப் பதிவேடுகளும் உண்டு. பிற்காலத்துக்கு, கிராமத்துப் பாடசாலை வரவேடு, தேவாலயத்து ஞானஸ்நானப் பதிவு, முதன்முதலாகக் காணி வாங்கிய உறுதி ஆகியவற்றைப் பாருங்கள். அந்த முதலாவது உறுதியை நீங்கள் கண்டெடுத்தால், ‘எப்படி உரித்தானது’ என்ற வாசகத்தில் ‘என் தேட்டமாக’ என்று எழுதப்பட்டிருக்கும்.

உரும்பிராய் வாசகி: பழைய உறுதிகள் கறையான் அரித்துப் பொடியாகின்றன. பிளாஸ்ரிக் உறை ஒட்டிச் சூடாக்கி எடுக்கலாமா?

வேண்டாம். சூட்டால் ஒட்டிய உறையைப் பிறகு கழற்ற இயலாது, மையும் கெடும். ஒட்டுநாடாவும் போடாதீர்கள். மடிப்பை மெல்ல விரித்து, நிழலில் வைத்து, ஒவ்வொரு பக்கத்தையும் கைத்தொலைபேசியாற் படமெடுத்து, வெளிநாட்டிலுள்ள ஒருவருக்கும் ஒரு பிரதி அனுப்பிவிடுங்கள். மூலத்தைப் பருத்தித் துணியிற் சுற்றித் தகரப் பெட்டியில் வையுங்கள். படமெடுக்கும்போது எழுத்தில்லாத பின்பக்கம் என்று எதையும் விட்டுவிட வேண்டாம். பதிவக முத்திரையும் தொகுதி, பக்க இலக்கமும் பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.